லேசானதும் கனமானதும்

தளவாய்க்குக் குரு அமைந்தது அறுபது முடிந்த பிறகு. குருவுக்கு முப்பத்து மூன்று வயது. பெயர் பவுலின். பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஸ்டூடியோ. முன்னறையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. பின்னறையில் ஞாயிற்றுக்கிழமை கேமரா வகுப்பு.

வகுப்பில் எல்லாம் காலேஜ் பிள்ளைகள். முதல் நாள் தளவாய் உள்ளே நுழைந்ததும் மொத்தப் பேரும் எழுந்து நின்றார்கள், வாத்தியார் வந்துவிட்டார் என்று.

"உக்காருங்கல. நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்."

பின்னால் நின்ற பவுலின் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, முன்னாடி வந்து உக்காருங்க" என்றாள்.

"சரி டீச்சர்" என்றார் அவர். வயசுக் கணக்கு அதோடு தீர்ந்தது.

பவுலினின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. முதல் மூன்று மாதம் கேமராவில் மெமரி கார்டு கிடையாது. வகுப்புக்கென்று அவளிடம் இரண்டு கேமரா இருந்தன. புதிதாகப் படிக்கிறவர்கள் வாங்குகிற டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வகைதான். கார்டு இல்லாவிட்டாலும் பட்டன் வேலை செய்கிற மாதிரி இரண்டிலும் மாற்றி வைத்திருந்தாள். அமுக்கினால் சத்தம் வரும். பின்பக்கத் திரையில் படம் இரண்டு செகண்டு தெரியும். ஓரத்தில் கார்டு இல்லை என்று ஒரு சின்ன எழுத்து மினுக்கும். பிறகு எல்லாம் போய்விடும்.

போவதற்குள் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும். யார் இருந்தார், கை எங்கே இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கம், ஓரத்தில் எது வெட்டுப்பட்டது. சொல்லத் தெரியாதவன் திரும்ப அமுக்க வேண்டும்.

"டீச்சர், எடுத்த படம் எங்களுக்கு வேண்டாமா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"அதுல என்ன இருந்துச்சு?"

"ஒரு ஆளு. சைக்கிள்."

"சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்னுச்சா, சாச்சு வச்சிருந்துச்சா?"

பையன் காலியான திரையைத் திருப்பிப் பார்த்தான்.

"அப்பம் அந்தப் படம் உனக்கு எதுக்கு?"

தளவாய்க்கு இந்த முறை பிடித்திருந்தது. நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். இரண்டு நூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இது மட்டம், இது மேல் என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது. பார்த்ததைச் சொல்வது அவருக்குக் கை வந்த வேலை. பையன் அமுக்கியபோது அவரும் எட்டிப் பார்த்திருந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துத்தான் வைத்திருந்தது. பின்சக்கரத்தில் காற்று இல்லை. அதையும் சொன்னார்.

இரண்டு கேமராவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

மாசி கடைசியில் கோமு அக்காவிடமிருந்து போன் வந்தது. கூடப்பிறந்தவர்கள் ஆறு பேர். கோமு மூத்தவள், தளவாய் அடுத்தவர். அம்மா போன பிறகு அந்த இடத்தில் கோமுதான். இப்போது நாக்பூரில் இருக்கிற மகன் அவளை அங்கேயே நிரந்தரமாக அழைத்துப்போகிறான். பங்குனி முடிந்ததும் பயணம்.

"ஏல தளவா, இந்த உத்திரத்துக்கு எல்லாரும் சாஸ்தா கோயிலுக்கு வரணும். சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க."

"மாசானமுமா?"

"அவன் மட்டும் ஆத்துல வந்தவனா? அவனுந்தான்."

தளவாய் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"நாம ஆறு பேரும் ஒண்ணா இருக்க போட்டோ ஒண்ணுகூட இல்லல. ஒருத்தன் இருந்தா ஒருத்தன் இல்ல. நாக்பூருக்கு வேற என்னத்தக் கொண்டுட்டுப் போகப் போறேன்? நீதான் கேமரா படிக்கியாமே. நீ பாத்துக்க."

வைத்துவிட்டாள்.

மாசானம் கடைசித் தம்பி. கோயம்புத்தூரில் இருக்கிறான். மகள் கல்யாணத்துக்கு அண்ணனுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினான். நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அண்ணனையும் மதினியையும் சேர்த்து நிற்கவைத்துக் கொடுக்க வேண்டிய பத்திரிகை. தபால்காரன் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போனான். தளவாய் கல்யாணத்துக்குப் போகவில்லை. பேச்சு அதோடு நின்றது. அந்த மகளின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

அடுத்த ஞாயிறு, வகுப்பு முடிந்து பிள்ளைகள் போகும்வரை தளவாய் காத்திருந்தார்.

"டீச்சர், சொந்தமா ஒரு கேமரா வாங்கணும். உத்திரத்துக்கு முன்னாடி. இந்த ரெண்டுல எது நல்லது?"

மேஜைமேல் இரண்டும் இருந்தன. ஒன்று லேசு, கைக்குள் அடங்கும். ஒன்று கனம், பிடிப்பதற்கு ரப்பர் வைத்தது. கம்பெனி வேறு வேறு. விலை ஏறக்குறைய ஒன்று. வகுப்பில் அவற்றுக்குப் பேரே லேசு, கனம் என்று ஆகியிருந்தது.

"என்ன படம் எடுக்கணும்?"

"குடும்பப் படம். அக்கா கேட்டிருக்கா. கூடப்பிறந்தவங்க எல்லாம் சேர்ந்து நிக்கது."

"எடுக்கது யாரு?"

"நான்தான்."

பவுலின் இரண்டையும் ஒரே பையில் வைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"உத்திரம் வரைக்கும் வச்சுக்கிடுங்க."

"எதை?"

"ரெண்டையும். கார்டு நீங்க போட்டுக்கிடணும். இல்லாட்டியும் கிளிக் ஆகும், தெரியும்லா?"

"எனக்கா சொல்லுதீங்க?" என்றார் தளவாய். கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

போகிற வழியில் ஜங்ஷனில் ஒரு கேமரா கடைக்குள் நுழைந்தார். பையிலிருந்த இரண்டையும் கண்டதும் அங்கிருந்த பையன் கேட்காமலே ஆரம்பித்தான். லேசில் மெகாபிக்சல் கூட. கனத்தில் இருட்டில் நன்றாக வரும். லேசுக்கு லென்ஸ் மலிவு. கனத்துக்கு பேட்டரி நிற்கும்.

"நீ எது வச்சிருக்க?"

"நான் மொபைல்லதான் எடுப்பேன் சார்."

தளவாய் இரண்டு கார்டு மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினார். ஒரே கம்பெனி, ஒரே அளவு. மற்றதெல்லாம் சமமாக இருந்தால்தான் தரம் தெரியும். அது மில் பாடம்.

வீட்டுக்கூடத்துச் சுவரில் தொங்கிய காலண்டரை லேசில் எடுத்தார். கால் நகராமல் நின்று கனத்தில் எடுத்தார். மகனுடைய கம்ப்யூட்டரில் போட்டு, ஒரே ஒரு தேதியைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார். லேசில் ஓரம் கூர்மை. கனத்தில் கறுப்பு நல்ல கறுப்பு. மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியை எடுத்தார். தொட்டியில் கனம் ஜெயித்தது. கொடியில் கிடந்த வேட்டியை எடுத்தார். வேட்டியில் லேசு ஜெயித்தது. மேகம் வந்ததும் வேட்டியிலும் கனம் ஜெயித்தது. திரும்பத் தொட்டிக்குப் போனார்.

மனைவி இசக்கியம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள். வரவில்லை. கரண்டியோடு வந்து நின்றாள்.

"அந்தக் காலண்டர் எங்கயும் ஓடிராது. சோறு ஆறுது."

"அந்தப் பக்கம் தள்ளு. நிழல் விழுது."

"என்னைய ஒண்ணு எடுத்தாத்தான் என்ன?"

"நீ அசைவ."

அவள் காலண்டரையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

மறு ஞாயிறு படங்களைக் கொண்டுபோய்க் காட்டினார். பவுலின் பொறுமையாக ஒன்றொன்றாகத் தள்ளினாள். காலண்டர். காலண்டர். தொட்டி. தொட்டி. வேட்டி. வேட்டி. கதவுத் தாழ்ப்பாள். கதவுத் தாழ்ப்பாள்.

"வீட்ல தனியாவா இருக்கீங்க அண்ணாச்சி?"

"இல்லையே. வீட்டுக்காரி இருக்கா. மகன், மருமக, பேரன்."

"ஒருத்தரையும் காணோம்."

"ஆளு அசையும் டீச்சர். அசையிறத வச்சு எப்படி ஒப்பிட முடியும்?"

"அது சரி."

"எதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க வாயத் திறக்காட்டி நான் யார்ட்டப் போயிக் கேக்க?"

"சாஸ்தா கோயில்ல காலண்டர் உண்டா?"

"கிடையாது."

"தொட்டி?"

தளவாய்க்குச் சுருக்கென்றது. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இந்த வயசில் குரு தேடிப் போனால் இதுதான் கிடைக்கும் என்று செருப்பை மாட்டும்போது முணுமுணுத்தார். சத்தம் உள்ளே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஆனால் யோசனை ஒன்று பிடிபட்டுவிட்டது. இரண்டையுமே கோயிலுக்குக் கொண்டுபோவது. அந்த ஆட்களையே நிற்கவைத்து இரண்டிலும் எடுப்பது. எதில் நன்றாக வருகிறதோ அதை வாங்கிவிடுவது. இதைவிட நேரான வழி இல்லை. உத்திரத்துக்கு முந்தின சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை இரண்டு கார்டையும் கம்ப்யூட்டரில் செருகி, கண் கூசும்வரை காலண்டரைப் பார்த்தார். பேட்டரியைச் சார்ஜில் போட்டார். லென்ஸைத் துடைத்தார். படுத்தார்.

சாஸ்தா கோயில் குளக்கரையில், மருத மரத்தடியில் இருந்தது. சனம் நெருக்கித் தள்ளியது. அடுப்புக்கு அடுப்பு புகை. வெயில் ஏறுவதற்குள் பொங்கி இறக்கி, சாமி கும்பிட்டு, நிழலுக்கு வந்தார்கள்.

மாசானம் வந்திருந்தான். தலை முழுக்க நரை. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அண்ணனைக் கண்டதும் இறக்கிவிட்டான். தளவாய் அதைக் கவனித்தார். கவனிக்காத மாதிரி லென்ஸ் மூடியைக் கழற்றி மாட்டினார்.

"பெரியவுகளுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்று மாசானம் தன் சின்ன அக்காவிடம், தளவாயின் கடைசித் தங்கச்சியிடம், சொன்னான்.

"இப்பம் வேண்டாம்னு சொல்லு" என்றார் தளவாய், அதே தங்கச்சியிடம்.

அவள் செம்போடு நடுவில் நின்றாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்கு? எனக்கு என்ன கூலியா குடுக்கீங்க?" மோரை அவளே குடித்துவிட்டாள்.

கோமு எல்லாரையும் மரத்தடிக்குக் கூப்பிட்டாள். நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று நின்றாள். அவளுக்கு இந்தப் பக்கம் இரண்டு தங்கச்சிகள், பெரிய தம்பி. அந்தப் பக்கம் மாசானம், கொஞ்சம் தள்ளி.

தளவாய் லேசை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

"ஓரத்துல நிக்கவரு கொஞ்சம் உள்ள வரணும்."

"யாருல அது ஓரத்துல நிக்கவரு?" என்றாள் கோமு. "பேரு வைக்கலையா அவனுக்கு?"

தளவாய் ஃபோகஸைத் திருகினார். மாசானம் ஓர் அடி எடுத்து வைத்தான். கோமு கையை நீட்டி அவனை அங்கேயே நிறுத்தினாள்.

"அக்கா, நடுவுல இடம் கெடக்கு. ஒட்டி நில்லுங்க."

"கெடக்கட்டும்."

"படத்துல ஓட்டையாத் தெரியும்."

"தெரியட்டும்ல. அதுக்கென்ன இப்பம்?"

எழுபது தாண்டியும் இந்தப் பிடிவாதம் போகவில்லை என்று தளவாய் பல்லைக் கடித்தார். லேசில் எடுத்தார். கனத்தை எடுத்துக் கழுத்தில் மாட்டி, அதே இடத்தில் நின்று எடுத்தார். வெளிச்சம் மாறியது. திரும்ப லேசு. திரும்பக் கனம். ஒவ்வொரு தடவையும் பின்பக்கத் திரையில் வெளிச்சம் படாமல் கையால் மறைத்துப் பார்த்தார். மருத மரத்து இலை ஓரம் கனத்தில் தெளிவு. அக்காவின் சேலைக் கரை லேசில் தெளிவு.

"அசையாதீங்க. ஒரே மாதிரி நிக்கணும்."

"எத்தன தடவல?" பெரிய தம்பி கத்தினான் தன் பிள்ளையிடம் கத்துகிற மாதிரி, பிறகு சுதாரித்து, "அண்ணே, எங்களச் சிலையா வைக்கப் போறியா?" என்றான்.

"எது நல்லா வருதுன்னு பாக்க வேண்டாமா?"

"எதுலயாவது வந்தாப் போதும்" என்றாள் கோமு.

மதியம் எல்லாரும் பாளையங்கோட்டையில் கோமு வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டுக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே சாய்ந்தார்கள். கோமு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தளவாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க, காட்டு."

தளவாய் லேசை எடுத்துப் படம் பார்க்கிற பட்டனை அமுக்கினார். படம் எதுவும் இல்லை என்றது. கனத்தை எடுத்து அமுக்கினார். அதுவும் அதையே சொன்னது. மூடியைத் திறந்தார். கார்டு இருக்க வேண்டிய இடம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

இரண்டு கார்டும் எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. மகனுடைய கம்ப்யூட்டரில். செருகினது செருகினபடி. உள்ளே காலண்டர்.

"என்னல?"

"ஒண்ணுமில்லக்கா. கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் சரியாத் தெரியும்."

"அங்க நிமிஷத்துக்கு நிமிஷம் பாத்துக்கிட்டேதான இருந்த?"

"அது சும்மா பாக்கது."

மாசானம் சுவரோரம் படுத்திருந்தான். சின்ன அக்கா பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னான். "ரெண்டு கேமரா வச்சிருந்தா ஒண்ணாவது காட்டும்னு நெனச்சேன்."

சின்ன அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

தளவாய்க்குக் காது சூடேறியது. பதில் சொல்ல வாயெடுத்தார். யார் மூலமாகச் சொல்வது என்று தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டினார்.

"மாசானம் ஆறு மணிக்கு இங்கருந்து ரயிலுக்குக் கெளம்பிருவான்" என்றாள் கோமு. "அதுக்குள்ள வந்துரு. எல்லாரும் இருக்கும்போதே பாக்கணும். இனிமே எங்க சேர?"

வெயிலில் நடந்தே போனார். ஸ்டூடியோ திறந்திருந்தது. பவுலின் பாஸ்போர்ட் போட்டோக்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். அவர் வணக்கம் சொல்லவில்லை.

"டீச்சர், கார்டு இல்லாம எடுத்தது கேமராவுக்குள்ள எங்கயாவது தங்கியிருக்குமா?"

"இருக்காது அண்ணாச்சி."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும்."

தளவாய் ஸ்டூலில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார். கம்ப்யூட்டரில் இருக்கிற கார்டு, நாக்பூர், ஆறு மணி, தபாலில் வந்த பத்திரிகை எல்லாம் வந்தது. கேட்காததையும் சொன்னார். பவுலின் கத்தரிப்பதை நிறுத்தவில்லை, சிரிக்கவும் இல்லை.

"கார்டு இல்லன்னு ஓரத்துல மினுக்கியிருக்குமே."

"மூணு மாசமா வகுப்புல அது மினுக்கிக்கிட்டேதான கெடக்கு. கண்ணு அதைப் பாக்கத விட்டுட்டு."

"ம்."

"கார்டு இல்லாட்டி பட்டனே வேலை செய்யாதபடி வைக்கலாமாமே. கனத்துல அதைச் சுளுவா மாத்திரலாம்னு அதோட புஸ்தகத்துல போட்டிருந்தான். அப்பம் கனத்தையே வாங்கிருவமா?"

பவுலின் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"படத்தைச் சொல்லுங்க."

"படம்தான் இல்லன்னு சொல்லுதேனே."

"வகுப்புல மட்டும் இருந்துச்சா? சொல்லுங்க."

தளவாய்க்கு எரிச்சலாக வந்தது. நேரம் வேறு போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் கண்ணை மூடினார். மூடியதும் மரத்தடி வந்துவிட்டது.

"வெளிச்சம் இடப்பக்கம். மருத மரத்து நிழல் பாதி ஆளு மேல விழுது. இடது ஓரம் பெரிய தம்பி, தோள்ல ஈரத் துண்டு. அடுத்தாப்ல தங்கச்சிங்க ரெண்டு பேரு. சின்னவ கையில மோர்ச் செம்பு. கீழ வைக்கச் சொல்ல மறந்துட்டேன். அவங்க பக்கத்துல அக்கா. பச்சைச் சேலை."

"அப்புறம்?"

"அப்புறம் ஓட்டை. ஒரு ஆளு நிக்கிற இடம் சும்மா கெடக்கு. அதைத் தாண்டி மாசானம்."

"அவரு எப்படி நின்னாரு?"

"வேட்டிய இறக்கிவிட்டு. கன்னம் ஒட்டிப் போயிட்டு அவனுக்கு. காது அப்படியே எங்கப்பா காது. இவ்வளவு வருஷம் கழிச்சு லென்ஸ் வழியாத்தான் அவன் மூஞ்சிய நேராப் பாத்தேன்."

"அவரு எங்க பாத்தாரு?"

தளவாய் மூடிய கண்ணை இன்னும் இறுக்கினார்.

"மத்தவங்க லென்ஸைப் பாத்துச் சிரிச்சாங்க. இவன் சிரிக்கல. லென்ஸுக்குப் பின்னாடி யாரு நிக்கான்னு பாக்குத மாதிரி பாத்தான்."

"அக்கா கை?"

"ஒண்ணு தங்கச்சி தோள்ல. இன்னொண்ணு..." கண்ணைத் திறக்காமலே தன் கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் நீட்டிக் காட்டினார். "இப்படி. வெறுங்கையா. எதையும் புடிக்கல."

"படத்துல எத்தன பேரு?"

"அஞ்சு."

"அக்கா எத்தன பேரு கேட்டாங்க?"

தளவாய் கண்ணைத் திறந்தார். விரல் விட்டு எண்ணினார், ஐந்தில் நின்றார்.

தெருவில் ஒரு பஸ் திரும்பிப் போனது. சுவரில் மாட்டியிருந்த பாஸ்போர்ட் முகங்கள் எல்லாம் அவரையே பார்த்தன.

"ஒட்டி நில்லுங்கன்னு நான்தான் சத்தம் போட்டேன்" என்றார் கடைசியில். "அவ நகரவே இல்ல."

பவுலின் எழுந்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். பைக்குள் கையை விட்டு ஒரு கேமராவில் போட்டு மூடினாள். எதில் போட்டாள் என்று அவர் பார்க்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த கேமரா ஸ்டாண்டைத் தூக்கி, மூன்று கால்களிலும் இருந்த தூசியைத் துடைத்து அவர் முன்னால் நிறுத்தினாள்.

தளவாய் அதைப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல வச்சிட்டு நான் போயி அங்க நிக்கணும்."

"ஆமா."

"அவன் பக்கத்துல."

"ஆமா."

அவர் ஸ்டாண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போனார். நின்றார். மில்லில் முப்பது வருஷம் நின்ற பழக்கம் லேசில் போகாது.

"டீச்சர், டைமர் வச்சு அமுக்கிட்டு, அது தானா எடுக்கதுக்குள்ள நான் நடந்து போயிச் சேரணும்லா. ரெண்டுல எதுல நேரம் கூடக் கெடைக்கும்?"

"ரெண்டுலயும் பத்து செகண்டுதான் அண்ணாச்சி. வேகமா நடக்கணும்."